சலவைக் கணக்கில் ஓர் அங்கி குறைந்தது

சிற்றூரில் நடக்கும் துப்பறியும் நாவல் எதை எடுத்தாலும் கணக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கொலைகாரர் ஒருவர், பொய் சொல்கிறவர்கள் பத்துப் பேர். டாக்டர் எதையோ மழுப்புகிறார். பாதிரியார் பேச்சை மாற்றுகிறார். வீட்டு எஜமானி, வாய் திறக்கப் போகும் வேலைக்காரியைப் பார்வையாலேயே அடக்குகிறார். இவர்களில் பெரும்பாலோருக்குக் கொலையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய கடன், ரகசியக் கல்யாணம், ஊருக்குத் தெரியாமல் எங்கோ வளரும் பிள்ளை, மனநல விடுதியில் விட்டுவைத்த தம்பி என்று ஆளுக்கொன்றை மூடி வைத்திருக்கிறார்கள். நாவலின் முக்கால் பங்கு இந்த மூடிகளைத் திறப்பதிலேயே போய்விடுகிறது.

பக்கத்தை நிரப்ப எழுத்தாளர் செய்யும் வேலை என்று இதைச் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு நிஜ வீடு இருக்கிறது, தேதி இருக்கிறது, காணாமற்போன ஒரு துணி இருக்கிறது. கொலைகாரரின் தந்திரத்தைவிடக் கொலை செய்யாதவர்களின் மௌனம்தான் துப்பறிபவருக்குப் பெரிய தடை என்பதை அந்த வீடுதான் நாவலாசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

ரோட் ஹில் வீடு

இங்கிலாந்தின் தென்மேற்கில் வில்ட்ஷையரும் சாமர்செட்டும் சந்திக்கும் எல்லையில் ரோட் என்றொரு கிராமம். சுற்றுவட்டாரமே கம்பளித் துணி ஆலைகளை நம்பிப் பிழைத்தது. ஊரை ஒட்டிய மேட்டில் மூன்று அடுக்கு வீடு ஒன்றில் சாமுவேல் கென்ட் குடும்பம் குடியிருந்தது. கென்ட், அரசாங்கத்தின் தொழிற்சாலைத் துணை ஆய்வாளர். ஆலைகளில் சிறு பிள்ளைகளைச் சட்டத்தை மீறி வேலை வாங்குகிறார்களா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. ஆற்றில் ஊர்க்காரர்கள் மீன் பிடிப்பதை அவர் தடுத்ததில் ஒரு புகைச்சல். அதைவிடப் பெரிது, அவர் வீட்டைப் பற்றி வாய்க்கு வாய் புரண்ட பேச்சு. முதல் மனைவிக்குச் சித்தம் சரியில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த ஆசிரியைதான் வீட்டை நடத்தினார். 1852-ல் முதல் மனைவி இறந்தார். மறு வருஷம் அந்த ஆசிரியை இரண்டாம் மனைவியானார். பேச்சுக்குப் பயந்தோ வேறு காரணத்தாலோ கென்ட் குடும்பம் அடிக்கடி ஊர் மாறிக்கொண்டிருந்தது. ரோட் அவர்கள் வந்து சேர்ந்த கடைசி இடங்களில் ஒன்று.

1860 ஜூன் 29 இரவு அந்த வீட்டில் 12 பேர் படுத்தார்கள். தம்பதி, முதல் தாரத்துப் பிள்ளைகள் நால்வர், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் மூவர், வேலைக்காரப் பெண்கள் மூவர். விடிந்தபோது இரண்டாம் தாரத்து மகன் சாவில், நான்கு வயது நிரம்பாத பையன், தொட்டிலில் இல்லை. தாயார் வந்து தூக்கிப் போயிருப்பார் என்று ஆயா எலிசபெத் காஃப் நினைத்ததாகச் சொன்னார். தேடிப் போனவர்கள், தோட்டத்துப் புதர்களுக்கு நடுவே வேலைக்காரர்களுக்கென்று இருந்த கழிப்பறைக்குள் பையனின் உடலைக் கண்டெடுத்தார்கள். கழுத்து அறுபட்டிருந்தது. வரவேற்பறை ஜன்னல் திறந்து கிடந்தது, அதுவும் உள்ளிருந்து திறக்கப்பட்டிருந்தது.

வெளியாள் வந்த தடயம் இல்லையென்றால் செய்தது வீட்டுக்குள் இருந்தவர்களில் ஒருவர். அதைச் சொல்லத்தான் உள்ளூர்ப் போலீசுக்கு வாய் வரவில்லை. பெரிய வீட்டுக்குள் நுழைந்து, பெண்களின் அறைகளைத் திறந்து, பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்க்க அவர்களுக்குக் கூச்சம். அன்று ராத்திரி இரண்டு காவலர்களை வீட்டில் இருத்தினார்கள், யாராவது எதையாவது அடுப்பில் போட்டு எரிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. கென்ட் அவர்களைச் சமையலறையில் உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். கொலை நடந்த வீட்டில் காவலுக்கு வந்தவர்களையே பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்காரர் உள்ளே நடமாடிக்கொண்டிருந்தார். இதை ஒரு நாவலில் படித்தால் நம்ப மாட்டோம்.

இதைவிட மோசமான ஒன்றும் அதே நாளில் நடந்தது. வெந்நீர் அடுப்பின் பொந்துக்குள் ரத்தக் கறை படிந்த பெண்களின் உள்ளங்கி ஒன்றைக் காவலர்கள் கண்டெடுத்தார்கள். கண்காணிப்பாளர் ஃபோலி அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதவிலக்குக் கறை, இதையெல்லாம் வெளியே காட்டுவது அநாகரிகம் என்பது அவர் எண்ணம். துணி இருந்த இடத்துக்கே போனது, பிறகு இல்லாமலே போனது. அது கிடைத்த சங்கதியையே போலீஸ் மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற குடும்பம்தான் பொய் சொல்லும் என்பதில்லை. சட்டத்தின் கையே கூச்சப்பட்டுப் பின்னுக்குப் போனது.

ஒரு தம்ளர் தண்ணீர்

இரண்டு வாரம் கழித்து லண்டனிலிருந்து ஜோனதன் விச்சர் வந்தார். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் பிரிவு 1842-ல் எட்டே பேரோடு தொடங்கியது. அதன் ஆரம்ப கால ஆட்களில் பேர் போனவர் அவர். அம்மை வடு முகம், அதிகம் பேசாத சுபாவம், சாதாரணத் தொழிலாளிக் குடும்பத்திலிருந்து மேலே வந்தவர். இந்தக் கடைசி விஷயம்தான் பின்னால் அவருக்கு வினையாக முடிந்தது.

விச்சர் கேட்டது சலவைக் கணக்குப் புத்தகத்தை. கென்ட் வீட்டின் அழுக்குத் துணி திங்கட்கிழமைதோறும் கணக்கில் பதியப்பட்டு, கூடையில் அடுக்கப்பட்டு, சலவைக்காரப் பெண்மணி வீட்டுக்குப் போகும். கொலைக்கு அடுத்த திங்களும் அப்படித்தான் போனது. முதல் தாரத்து மகள் கான்ஸ்டன்ஸுக்கு 16 வயது. அவளுக்கு மூன்று இரவு அங்கிகள் உண்டு. கூடை போய்ச் சேர்ந்த பிறகு கணக்கில் இருந்த ஓர் அங்கி கூடையில் இல்லை என்று தெரிந்தது.

பணிப்பெண் சாரா காக்ஸுக்கு ஒரு சின்ன விஷயம் ஞாபகம் இருந்தது. கூடை அடுக்கியிருந்த அறைக்கு கான்ஸ்டன்ஸ் வந்து, தன் பாவாடைப் பையில் பணப்பையை விட்டுவிட்டேனா என்று பார்க்கச் சொன்னாளாம். பிறகு குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாளாம். காக்ஸ் போய்த் தண்ணீர் கொண்டுவர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் விச்சர் பிடித்துக்கொண்டார். ரத்தம் பட்ட அங்கியை கான்ஸ்டன்ஸ் ஏற்கெனவே அழித்துவிட்டாள். மூன்றில் ஒன்று குறைவது தெரியாமல் இருக்க வேண்டும். அதற்கு நல்ல அங்கி ஒன்றைச் சலவைக் கணக்கில் ஏற்றிவிட்டு, கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். தொலைத்த பழி சலவைக்காரர் தலையில் விழட்டும் என்பது அவள் திட்டம் என்று அவர் ஊகித்தார். அப்படியே விழவும் செய்தது. பெரிய வீட்டு அலமாரியைத் திறக்கக் கூசிய போலீஸ், சலவைக்காரர் குடிசையைச் சோதனை போடத் தயங்கவில்லை.

இன்னொரு பழைய சம்பவமும் விச்சருக்குக் கிடைத்தது. 1856-ல் கான்ஸ்டன்ஸ் தன் தலைமுடியை வெட்டி, அதே தோட்டத்துக் கழிப்பறைக்குள் போட்டுவிட்டு, ஆண் பிள்ளை உடுப்பில் தம்பி வில்லியமைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடி பாத் நகரம்வரை போயிருக்கிறாள். குடும்பம் அதை விளையாட்டுத்தனம் என்று ஊரிடம் சொல்லிச் சமாளித்திருந்தது.

ஜூலை 20-ம் தேதி விச்சர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். ஒரே வாரத்தில் விசாரணை மன்றம் அவளை ஜாமீனில் விட்டது. கான்ஸ்டன்ஸின் வழக்கறிஞர் எட்லின் பேசியது கொலையைப் பற்றிக் கொஞ்சம், விச்சரைப் பற்றி அதிகம். ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணியமான குடும்பத்துப் பெண்ணின் வாழ்க்கையை நாசமாக்கப் பார்க்கிறார் என்பது வாதத்தின் சாரம். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பத்திரிகைகளும் விச்சர் மேலேயே பாய்ந்தன. கூலிக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடையைப் பற்றி நீதிமன்றத்தில் பேசுவதா? 1864-ல் உடல்நலக் காரணம் சொல்லி அவர் ஓய்வு பெற்றார்.

1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானே லண்டன் பௌ தெரு நீதிமன்றத்துக்கு வந்து கொலையை ஒப்புக்கொண்டாள். பிரைட்டனில் கன்னிமார் மடம் போன்ற ஓர் இல்லத்தில் தங்கி, ஆர்தர் வாக்னர் என்ற பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்ட பிறகு எடுத்த முடிவு அது. ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து 1885-ல் விடுதலையானாள். பிறகு ஆஸ்திரேலியா போய், ரூத் எமிலி கே என்று பெயரை மாற்றிக்கொண்டு நர்ஸாக வேலை பார்த்து, 100 வயதைக் கடந்து 1944-ல் இறந்தார். தம்பி வில்லியம் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சியாளராகி கிரேட் பேரியர் ரீஃப் பற்றிய புத்தகத்தால் பேர் வாங்கினார். கொலையில் அவருக்கும் பங்கு இருந்திருக்கலாம், ஒப்புதல் வாக்குமூலமே தம்பியைக் காப்பாற்றக் கொடுத்ததாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் உண்மை வெளிவந்த பிறகுகூட அதற்குள் இன்னொரு மறைப்பு இருக்குமோ என்று சந்தேகப்படத் தோன்றுகிறதே, அந்தச் சந்தேகத்தின் மேல்தான் ஒரு நாவல் வகையே எழுந்து நிற்கிறது.

பெயருக்கு விலை உண்டு

குடும்ப மானம் என்றவுடன் வெறும் வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துச் சிற்றூரில் அதற்குக் கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய மதிப்பு இருந்தது. மூத்த பெண்களுக்கு வரன் அமைவது அதைப் பொறுத்தது. வீட்டுக்காரரின் உத்தியோக உயர்வு அதைப் பொறுத்தது. மளிகைக்காரரும் இறைச்சிக்காரரும் மாதக் கணக்கில் கடன் கொடுப்பது அதைப் பொறுத்தது. அடுத்த தலைமுறைக்குப் பைத்தியம் தொற்றும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. தாய்க்குச் சித்தம் சரியில்லை என்ற பேச்சு எழுந்தால் பெண்ணின் கல்யாணம் அதோடு முடிந்தது.

வேலைக்காரர்களுக்கும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. 1860-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலை செய்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகப் பழைய எஜமானியின் நற்சான்று வேண்டும். அது இல்லையென்றால் வேலை இல்லை. ஆகவே வீட்டில் எல்லாவற்றையும் பார்க்கிறவர்களுக்கு எதையும் சொல்ல முடியாது. ராத்திரி எந்தப் படுக்கை கலையாமல் இருந்தது, எந்தத் துணியில் என்ன கறை, எந்தக் கடிதம் கணப்பில் எரிந்தது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். துப்பறியும் நாவலில் பணிப்பெண்ணுக்கு விஷயம் தெரிந்தும் அவர் சொல்லாமல் இருப்பார், சொல்லலாம் என்று முடிவெடுத்த அன்று செத்துப்போவார். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.

மறைக்கிறவர்கள் இப்படி இருக்க, திறக்கிறவர்களின் கையும் அதே சமயத்தில் ஓங்கியது. 1855-ல் பத்திரிகைகள் மேலிருந்த முத்திரை வரி போனது, 1861-ல் காகித வரியும் போனது. ஒரு பென்னிக்குப் பத்திரிகை கிடைத்தது. 1857 சட்டப்படி விவாகரத்துக்கென்று தனி நீதிமன்றம் வந்து, 1858 முதல் மேல்தட்டு வீடுகளின் படுக்கையறைச் சங்கதிகளைப் பணிப்பெண்கள் கூண்டில் ஏறிச் சொல்ல, அது மறுநாள் காலை அச்சாகி வந்தது. அடுத்தவர் வீட்டுக் கதவு திறக்கும்போது எட்டிப் பார்க்கும் ஆசையும், நம் வீட்டுக் கதவு திறந்துவிடுமோ என்ற பயமும் ஒரே வாசகருக்குள் சேர்ந்து இருந்தன. ரோட் ஹில் வழக்கில் தேசம் முழுக்கப் பித்துப் பிடித்ததுபோல ஆனதற்கு இதுதான் காரணம். யார் கொலையாளி என்று ஊகித்து ஸ்காட்லாந்து யார்டுக்குக் கடிதம் எழுதியவர்கள் ஏராளம். சார்லஸ் டிக்கன்ஸுக்கே சொந்த ஊகம் ஒன்று இருந்தது, தகப்பனும் ஆயாவும் சேர்ந்து செய்தது என்று. அது தப்பு.

வைரமும் நைட் கவுனும்

டிக்கன்ஸின் நண்பர் வில்கி காலின்ஸ் 1868-ல், டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையிலேயே, ‘தி மூன்ஸ்டோன்’ நாவலைத் தொடராக எழுதினார். இனி அதன் முடிச்சுகளை அவிழ்க்காமல் பேச முடியாது. படிக்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிக்கொள்ளலாம்.

ரேச்சல் வெரிண்டரின் 18-ம் பிறந்தநாளுக்கு வரும் ஒரு வைரம் அன்று ராத்திரியே காணாமற்போகிறது. உள்ளூர்க் கண்காணிப்பாளர் சீகிரேவ் வந்து வேலைக்காரர்களை மிரட்டி எல்லாவற்றையும் குழப்புகிறார். பிறகு லண்டனிலிருந்து சார்ஜன்ட் கஃப் வருகிறார். ரேச்சலின் அறைக் கதவில் புதிதாக அடித்த வர்ணம் ஓரிடத்தில் கலைந்திருக்கிறது. வர்ணம் ஒட்டிய துணி எங்கே என்று கேட்டு, கஃப் சலவைக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். ரோட் ஹில் அப்படியே கண் முன் வருகிறது. ரத்தம் வர்ணமாகிவிட்டது, பிள்ளைக் கொலை வைரத் திருட்டாகிவிட்டது. மூன்று வயதுப் பையனின் கழுத்தை வைத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கும் பத்திரிகையில் புதிர் போட முடியாது என்று காலின்ஸ் நினைத்திருக்க வேண்டும். துணி மட்டும் மாறவில்லை.

எல்லோரும் தங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டட்டும் என்கிறார் கஃப். எல்லோரும் சம்மதிக்கிறார்கள், ரேச்சலைத் தவிர. வைரம் அவளுடையது, திருட்டுப் போனதும் அவளுடையதுதான், அவளே தேட விடமாட்டேன் என்கிறாள். கஃப் தம் அனுபவத்தை வைத்து ஒரு முடிவுக்கு வருகிறார்: பெரிய வீட்டுப் பெண்களுக்கு ரகசியக் கடன் இருக்கும், ரேச்சல் தன் வைரத்தைத் தானே எடுத்து அடகு வைத்திருக்கிறாள். ரேச்சலின் தாய் அவருக்குக் காசோலை கொடுத்து மரியாதையாக வழியனுப்பி வைக்கிறார்.

கஃப் சொன்னது தப்பு. ரேச்சல் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள், வைரத்தை எடுத்தவன் அவள் காதலிக்கும் பிராங்க்ளின் பிளேக். அவனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. பிளேக்குக்கோ தான் எடுத்ததே தெரியாது. யாரோ அவனுக்குத் தெரியாமல் அபினி கொடுத்திருக்கிறார்கள். வர்ணம் பட்ட நைட் கவுனைக் கண்டெடுத்தவள் ரொசன்னா ஸ்பியர்மன் என்ற பணிப்பெண். பழைய திருட்டுக் குற்றத்துக்குச் சிறை போய் வந்தவள், அவளும் பிளேக்கை மனசுக்குள் வைத்திருக்கிறாள். அவனைக் காப்பாற்ற அதே மாதிரி ஒரு கவுனைத் தைத்து வைத்துவிட்டு, கறை பட்டதைப் புதைமணலில் ஒளிக்கிறாள். பிறகு அதே மணலில் தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். இரண்டு பெண்கள், இரண்டு வர்க்கம், ஒரே ஆணுக்காக ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைக்கிறார்கள். ரேச்சலின் மௌனத்துக்கு வீடு முழுக்கத் தாங்கல் இருக்கிறது. ரொசன்னாவின் மௌனத்துக்கு ஒன்றும் இல்லை, அவள் மேல் ஏற்கெனவே சந்தேகம் விழுந்தாயிற்று.

காலின்ஸின் கெட்டிக்காரத்தனம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. நிஜத்தில் விச்சர், ஒரு பெண்ணின் மௌனத்தைக் குற்றம் என்று படித்தார். படித்தது சரி, ஊர் நம்பவில்லை. கதையில் கஃப் அதே மாதிரி படிக்கிறார், வாசகர் நம்புகிறார், படித்ததுதான் தப்பு. மறைப்பு என்பது குற்றத்தின் அடையாளம் ஆகாது, ஆகவும் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே வாசகரைத் தொங்கவிடுவதுதான் இந்த வகை நாவலின் மூலதனம். கடைசியில் திருடன் யார் என்று பார்த்தால் காட்ஃபிரே ஏபிள்வைட், பெண்களுக்கான தர்ம சங்கங்களின் மேடைகளில் தவறாமல் நிற்பவன். தன் பொறுப்பில் விட்ட ஒருவரின் பணத்தைச் சுரண்டி, புறநகரில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு வீடு வைத்திருந்தவன். நாவலிலேயே மிக நல்ல பெயர் அவனுக்குத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நாவல் முழுக்கவே ஒரு குடும்பக் கோப்பு. நிரபராதிகள் மேல் பழி நிற்கிறது, நடந்ததை ஆளுக்கொரு பகுதியாக எழுதிப் பதிவு செய்வோம் என்று ஏற்பாடு செய்கிறவன் பிளேக், அதாவது எல்லோரையும்விட அதிகம் சந்தேகத்துக்கு உள்ளானவன். அதன் முகப்பில் வைத்திருப்பதும் ஒரு குடும்பக் காகிதம்தான். 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் ஆங்கிலப் படை நுழைந்தபோது, ஜான் ஹெர்ன்காஸ்டில் என்ற அதிகாரி ரத்தம் சொட்டும் கட்டாரியோடு நின்றதைப் பார்த்த அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன் எழுதிய கடிதம் அது. அவனோடு உறவை ஏன் முறித்துக்கொண்டேன் என்று குடும்பத்தாருக்கு மட்டும் சொல்கிறான், மேலிடத்தில் புகார் கொடுக்கவில்லை. வைரத்தைக் காத்து நின்ற மூன்று இந்தியர்கள் செத்துப்போனது இப்படியாக ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் ஆகிறது. பிறகு அந்த வைரம் குடும்பத்துக்குள் பிறந்தநாள் பரிசாக வந்து இறங்கும்போது அதன் வரலாறு யாருக்கும் முழுசாகத் தெரிவதில்லை. சிற்றூர்க் குடும்பங்களின் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை, இந்த வகையின் முதல் பெரிய நாவலே முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. பின்னால் வந்தவர்கள் பலர் அதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

வம்பு என்னும் தந்தி

பின்னால் வந்தவர்களில் அகதா கிறிஸ்டி வேறு ஒரு பக்கத்தைப் பிடித்தார். சிற்றூரில் ரகசியம் எப்படி ஒளிகிறது என்பதைவிட, எப்படிப் பரவுகிறது என்பதில் அவருக்குக் குஷி. 1926-ல் வந்த ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ கதையின் களம் கிங்ஸ் ஆபட் என்ற கற்பனைக் கிராமம். கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டின் அக்கா கேரலைன் வீட்டைவிட்டு அசைவதே இல்லை. ஆனாலும் ஊரில் இறந்தவர் யார் என்பது டாக்டர் வீடு திரும்பும் முன் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பால்காரர் வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார், அவருக்கு இறந்தவர் வீட்டுச் சமையல்காரி சொல்லியிருக்கிறார். கிறிஸ்டி கதைகளின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள் உருவானதற்கு இந்தக் கேரலைனை எழுதியதில் கிடைத்த மகிழ்ச்சியும் காரணமாக இருக்கலாம் என்று கிறிஸ்டி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த நாவலில் எல்லோரையும் உட்காரவைத்து, நீங்கள் ஒவ்வொருவரும் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று துப்பறிவாளர் பாய்ரோ முகத்துக்கு நேரே சொல்லும் காட்சி ஒன்று வரும். அது சரியாகவும் இருக்கும். ஒருவர் மறைப்பது 40 பவுண்டு திருட்டு, இன்னொருவர் மறைப்பது கல்யாணம். கொலையின் பரிமாணத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே சில்லறை. சொல்லிவிட்டிருந்தால் வழக்கு இரண்டே நாளில் முடிந்திருக்கும். ஆனால் கிராமத்தில் சில்லறைக்குத்தான் கனம். லண்டனில் ஒரு பணிப்பெண்ணை ரகசியமாக மணந்தவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிங்ஸ் ஆபட்டில் அவன் சொத்தே போகும்.

கிறிஸ்டியின் இந்தக் காட்சியைப் பார்த்து எழுதியவர்கள்தான் வகையைக் கெடுத்தார்கள் என்று எனக்கொரு குறை உண்டு. இப்போது வரும் சிற்றூர்க் கொலை நாவல்களில், தொலைக்காட்சித் தொடர்களில் இன்னும் அதிகமாக, ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து போடுவதுபோலத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசியம் வழங்கிவிடுகிறார்கள். ஆறாம் அத்தியாயத்தில் பள்ளி ஆசிரியரின் கள்ள உறவு, எட்டில் மேயரின் லஞ்சம், பத்தில் பாதிரியாரின் குடிப்பழக்கம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பில்லை, தெரிந்துவிட்டால் யாருக்கு எது போகும் என்ற கணக்கும் இல்லை. ரொசன்னா மறைத்த கவுனை எடுத்துவிட்டால் காலின்ஸின் நாவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இந்த மேயரின் லஞ்சத்தை எடுத்துவிட்டால் ஓர் அத்தியாயம் மிச்சமாகும்.

கணக்கோடு எழுதியதற்கு ஜப்பானில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. யோகோமிசோ செய்ஷி 1946-ல் ‘ஹோசெக்கி’ இதழில் தொடராக எழுதிய ‘ஹோன்ஜின் கொலை வழக்கு’. அந்நாட்டுத் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் முதல் விருதை 1948-ல் பெற்றது. போர்க்காலத்தில் ஒகாயாமா பகுதிக் கிராமம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்த யோகோமிசோ, அந்த வட்டாரத்தையே கதைக் களமாக்கினார். கதை நடக்கும் ஆண்டு 1937. இச்சியானாகி குடும்பத்தின் முன்னோர்கள் ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் பிரபுக்கள் பயணம் போகும் வழியில் தங்கும் அதிகாரபூர்வ விடுதியை நடத்தியவர்கள். அந்த விடுதிக்குப் பெயர்தான் ஹோன்ஜின். அந்த உரிமை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, பெருமை மட்டும் போகவில்லை. மூத்த மகன் கென்சோ மணக்க நினைப்பது ஒரு பள்ளி ஆசிரியையை. அவளை வளர்த்த சித்தப்பா பழத்தோட்டக்காரர், குத்தகை விவசாயி வம்சம். வீடே எதிர்க்கிறது. கல்யாணம் நடக்கிறது, அன்று ராத்திரியே இருவரும் பூட்டிய அறைக்குள் இறந்து கிடக்கிறார்கள். வெளியே பனியில் ஒரு வாள் குத்தி நிற்கிறது, கால்தடம் இல்லை.

தந்திரம் எப்படி என்பது பொறியியல் சமாசாரம், அதை விட்டுவிடலாம். எதற்காக என்ற கேள்வியின் விடை முழுக்க அந்த வீட்டுப் பெருமைக்குள்ளேயே இருக்கிறது. அதற்குமேல் சொன்னால் படிக்கப் போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள். கசங்கிய உடுப்போடு, தலையைச் சொறிந்துகொண்டு வந்து இதை அவிழ்க்கிற இளைஞன் கின்டாயிச்சி வெளியூரான். விச்சரைப் போல அவனையும் அந்த வீடு முதலில் ஏற இறங்கப் பார்க்கிறது. அவனைக் கூப்பிட்டனுப்பியது இச்சியானாகி வீட்டார் யாரும் இல்லை, வீட்டுக்கு வேண்டாத சம்பந்தியான அந்தப் பழத்தோட்டக்காரர்தான்.

தொடர் வெளிவந்துகொண்டிருந்த 1946-ன் அக்டோபரில்தான் ஜப்பானின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. இச்சியானாகி போன்ற வீடுகளின் நிலத்தை அரசு வாங்கிக் குத்தகைக்காரர்களுக்கு விற்க வழிசெய்த சட்டம் அது. அந்த இதழைப் பிரித்துப் படித்தவர்களில், இந்த மாதிரி வீடொன்றின் வயலில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களும் இருந்திருப்பார்கள்.